0.18 விநாடிக்காக மட்டும் ஒரு கட்டிடமா? விமான இருக்கை மோதல் ஆய்வகம் அமைக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கருத்துக் கேட்டு நீங்கள் சுற்றுக்கு விட்ட தரைப்படம் கைமாறி என்னிடமும் வந்தது. மூன்று இரவு அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். ஸ்லெட் எந்திரத்துக்கு, அதாவது இருக்கையை ஏற்றி மோதலைப்போல் உலுக்குகிற வண்டிக்கு, நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் அக்கறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூடத்தின் ஒரு மூலையில், படிக்கட்டுக்குக் கீழே, பொட்டு வைத்தது போல ஒரு சின்னக் கட்டம் போட்டு 'தயாரிப்புப் பகுதி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே தப்பை அடுத்துக் கட்டப்போகிறவர்களும் செய்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

நான் வடிவமைப்பாளன் இல்லை. டம்மிக்கு, அதாவது மனிதனுக்குப் பதிலாக இருக்கையில் உட்காரும் சோதனைப் பொம்மைக்கு, சட்டை மாட்டி, ஷூ போட்டு, பெல்ட்டை இறுக்கி, அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையில் பல வருடம் இருந்தவன். அங்கிருந்து பார்த்தால் தெரிவதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒரு காலத்தில் விமான இருக்கையை மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். முன்பக்கமாக 9 ஜி, அதாவது உட்கார்ந்திருப்பவரின் எடையைப்போல் 9 மடங்கு விசையைத் தாங்கினால் தேர்ச்சி. ஆனால் நிஜ விபத்து யாரையும் மெதுவாக இழுப்பதில்லை. ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் 1954 டிசம்பர் 10-ஆம் தேதி ராக்கெட் ஸ்லெட்டில் மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் போய், 1.4 விநாடியில் நின்றார். அவர் உடல் மேல் விழுந்த உச்சம் 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் ஆள் பிழைத்து, 1999 வரை வாழ்ந்தார். சரியாகக் கட்டிப்போட்டால் மனித உடல் இவ்வளவு தாங்கும் என்றால், 9 ஜி-யில் கழன்று போகிற இருக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க விதியில் 1988-ல் இயங்குநிலைச் சோதனை, அதாவது மெதுவாக இழுக்காமல் நிஜ மோதலைப்போல் உலுக்கிப் பார்க்கும் சோதனை, வந்தது. 2009 அக்டோபர் 27 முதல் அந்நாட்டு விமான நிறுவனங்களுக்காகப் புதிதாகத் தயாராகும் பெரிய பயணிகள் விமானங்களில் பயணிகள் இருக்கைகளும் கேபின் பணியாளர் இருக்கைகளும் எல்லாமே அதற்கு உட்பட்டாக வேண்டும் என்றும் ஆனது.

சோதனை இரண்டு. ஒன்று முன்பக்க மோதல்: குறைந்தது 16 ஜி உச்சம், திசைவேக மாற்றம் விநாடிக்கு 13.4 மீட்டருக்குக் குறையக் கூடாது, உச்சம் 0.09 விநாடிக்குள் வந்துவிட வேண்டும், இருக்கை நேராக இல்லாமல் 10 டிகிரி திரும்பி நிற்க வேண்டும். மற்றது விமானம் வயிற்றால் தரையில் அறைகிற மாதிரி: 14 ஜி, விநாடிக்கு 10.7 மீட்டர், 0.08 விநாடி. முதலாவதை ஒரு முக்கோணமாக வரைந்து பாருங்கள். ஏற 0.09, இறங்க 0.09, மொத்தம் 0.18 விநாடி. அதற்குள் வண்டி கடக்கிற தூரம் ஏறக்குறைய 1.27 மீட்டர். நீங்கள் கட்டப்போகும் கட்டிடம் முழுக்க இந்த 1.27 மீட்டருக்காகத்தான்.

சரி, எந்திரத்துக்கு வருகிறேன். இதில் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே நிறையப் பேசியிருப்பார்கள். வண்டியை ஓடவிட்டு நிறுத்துவது ஒரு வழி. நின்றுகொண்டிருக்கும் வண்டியை இருக்கையின் முதுகுப் பக்கமாக ஒரே உதையாக உதைப்பது இன்னொரு வழி. இயற்பியலுக்கு இரண்டும் ஒன்றுதான், டம்மிக்கு ஒன்றில்லை. ஓடவிடும் முறையில் ஓட்டத்திலேயே டம்மி அசைந்து சரிந்துவிடும், நீங்கள் மணிக்கணக்கில் உட்கார்த்தி வைத்த நிலை மோதலுக்கு முன்பே குலைந்துபோகும். அதைத் தவிர்க்க அரை ஜி அளவுக்கு மெதுவாக வேகம் ஏற்றினால் ஓட்டத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 20 மீட்டர் வேண்டும். உதைக்கும் முறையில் ஓட்டம் தேவையில்லை, ஆனால் உதை வாங்கி விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டியை அதே மென்மையோடு நிறுத்த அதே 20 மீட்டர் வேண்டும். ஆக எந்தப் பக்கம் போனாலும் நீளத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. உங்கள் படத்தில் நிறுத்தத்துக்கு 11 மீட்டர்தான் விட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் சராசரியாக 0.9 ஜி வருகிறது. முக்கியமான மோதல் முடிந்த பிறகு டம்மி இன்னொரு முறை உலுக்கப்பட்டு, இருக்கை வளைந்தது முதல் அடியிலா இரண்டாவதிலா என்று சாட்சிக்கு வந்திருக்கும் அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? என்னைக் கேட்டால் உதைக்கும் முறைக்கே என் ஓட்டு, ஆனால் அந்த 20 மீட்டரோடு.

அடித்தளத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வண்டி, சட்டம், இருக்கை, டம்மி எல்லாம் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொண்டால் 16 ஜி-யில் 32 டன் எடைக்குச் சமமான விசை பின்னால் தள்ளும். நீங்கள் குறித்திருக்கும் 100 டன் கான்கிரீட் கட்டி எதையும் பிடித்துக்கொள்ளாமல் சும்மா கிடந்தால் அது 2.5 செ.மீ. நகரும். அதனால் கட்டிக்கும் கூடத்தின் தரைக்கும் நடுவே இடைவெளி விடுவதா, எவ்வளவு விடுவதா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தரையில் நிற்கும் கேமராத் தாங்கி அந்த அதிர்வை வாங்கினால், படத்தில் தலை நகர்ந்ததா கேமரா நகர்ந்ததா என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். அது நரக வேலை, நான் செய்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு மோதல் சோதனைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் முழுசாக நின்று பார்த்திருக்கிறீர்கள்?

மூன்று பேர் உட்காரும் ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வோம். டம்மி ஒன்று 77 கிலோ. அதைத் தூக்குகிறவன் படுகிற பாடு தனி, மனிதனைப்போல் அது ஒத்துழைக்காது, கை ஒரு பக்கம் தொங்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும். உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கால்சட்டை, பெரிய அளவு ஷூ, அந்த ஷூவின் எடைக்குக்கூடக் கணக்கு உண்டு. உட்கார்த்தியதும் முதுகு சாய்விடத்தில் ஒட்ட வேண்டும், முழங்கால்களுக்கு இடையே அளந்த இடைவெளி இருக்க வேண்டும், இடுப்புச் சாய்வை மானியை வைத்துப் பார்க்க வேண்டும். டம்மியின் எடை மெத்தையில் இறங்கி, ஒரு மனிதர் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும். அப்புறம் பெல்ட். இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்கு இறுக்கம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய விரல் என்று கேட்காதீர்கள், எங்கள் ஆய்வகத்தில் அதற்கே ஒரு சண்டை நடந்தது. கடைசியில் ஒருவர் விரல் தடிமனில் ஒரு கட்டையை அறுத்து வந்து கொடுத்த பிறகுதான் அடங்கியது.

இதெல்லாம் முடிந்தபின் தரையை முறுக்க வேண்டும். விபத்தில் விமானத்தின் தரை நெளியும் என்பதால், இருக்கை மாட்டியிருக்கும் டிராக் இரண்டில் ஒன்றை 10 டிகிரி முன்பின்னாகச் சாய்த்து, மற்றதை 10 டிகிரி பக்கவாட்டில் முறுக்கி, அந்தக் கோணலில் வைத்துத்தான் மோத வேண்டும். ஜாக்கை ஒவ்வொரு சுற்றாகத் திருப்பும்போது இருக்கைச் சட்டம் முனகும் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டவன் மறக்க மாட்டான். முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு இழுவை, நடுவில் திடீரென்று 'டிக்' என்று ஒரு ஒலி. எல்லோரும் அப்படியே நின்றுவிடுவோம். ரிவெட் தெறித்ததா, டிராக்கில் பொருத்தி உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். அந்தச் சமயத்தில் இருக்கைக்குள் தேங்கியிருக்கும் விசை லேசுப்பட்டது இல்லை, பிடி நழுவினால் அருகில் குனிந்திருப்பவன் முகத்தில்தான் வரும். உங்கள் படத்தில் ஸ்லெட் தளத்துக்கும் சுவருக்கும் இடையே 70 செ.மீ. இருக்கிறது. அந்த இடுக்கில் நின்று ஜாக்கைத் திருப்பச் சொல்கிறீர்களா? யானை வாங்கக் காசு இருக்கிறவர்கள் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

அதனால் நான் கேட்பது இது. ஸ்லெட்டின் மேல்தளத்தைப் போலவே, அதே துளைகளோடு, அதே உயரத்தில், ஒரு நகல் தளத்தைப் பக்கத்தில் போடுங்கள், நாலு பக்கமும் ஆள் நடக்க இடம் விட்டு. இருக்கை, தரைச் சட்டம், முன்னால் இருக்கும் வரிசை, சென்சார் வயர்கள், எல்லாவற்றையும் அங்கேயே மாட்டிச் சரிபார்த்து, அப்படியே கிரேனில் தூக்கி ஸ்லெட்டில் இறக்கலாம். டம்மியை உட்கார்த்துவதும் தரையை முறுக்குவதும் மட்டும் ஸ்லெட்டில் நடக்கட்டும். இதற்குக் கிரேனின் பாதை இரண்டு தளத்துக்கும் மேலே தடையில்லாமல் போக வேண்டும். நீங்கள் நடுவில் தூக்கி வைத்திருக்கும் அந்தத் தூண் போயே ஆக வேண்டும். இரண்டு குழு ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே எந்திரம் சும்மா கிடக்கிற நேரம் பாதியாகக் குறையும். எந்திரத்தை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் கிடைக்காத வேகம் இதில் கிடைக்கும்.

இடம் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். எல்லாத் தயாரிப்பும் ஸ்லெட்டின் மேலேயே, மூன்று பேர் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு செய்தோம். கேமராக்களுக்குத் தொடங்கு என்று சொல்லும் சிக்னல் வயர் நடு டம்மியின் காலுக்குப் பின்னால் சென்சார் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, வயர் போகும் வழியைப் பார்க்க ஒருவர் தரையில் படுத்து ஊர்ந்து போக வேண்டும், போனவரும் பார்த்துவிட்டு சரி என்றுதான் சொன்னார். வண்டி உதை வாங்கிய முதல் கணத்திலேயே வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஐந்து கேமராவில் இரண்டு ஒன்றையும் பதியவில்லை, அதில் ஒன்று தலை போகும் பாதையைப் பிடிக்க வேண்டிய கேமரா. இருக்கை என்னவோ அழகாகத் தாங்கியது. ஆனால் தாங்கியதைக் காட்டப் படம் இல்லை. அந்த மாதிரி இருக்கை கையில் வேறு இல்லை, புதிதாக ஒன்று வர ஏழு வாரம் ஆனது.

இந்தத் துறைக்கு இது புதிதும் இல்லை. 1949-ல் ஸ்டாப்பின் ஸ்லெட்டுக்கு எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் கொண்டுவந்த சென்சார்கள் தப்பாக இணைக்கப்பட்டு, ஓட்டம் முடிந்து பார்த்தால் ஒன்றுமே பதிவாகவில்லை. 'தப்பாகப் போக வழி இருந்தால் தப்பாகவே போகும்' என்று உலகம் இன்று சொல்லிக்கொண்டிருக்கிற மர்ஃபி விதி அங்கே பிறந்ததாகத்தான் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு சென்சாரையும் மோதலுக்கு முன் கையால் தள்ளிப் பார்த்து, திரையில் கோடு சரியான பக்கம் போகிறதா என்று பார்க்க ஒரு நிலையம் வேண்டும், தள்ளுகிறவனுக்குத் திரை தெரிய வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டு அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. வாக்கி டாக்கியில் 'ஏறுதா, இறங்குதா' என்று கத்திக்கொண்டிருப்போம், எவனாவது ஒருவன் தப்பாகக் கேட்பான்.

குளிரூட்டல் விஷயத்தில் படம் கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் வசதி செய்திருக்கிறது. மனிதர்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை, டம்மிக்கு வியர்க்கக் கூடாது என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்வோம், ஆனால் அது உண்மை. டம்மியின் ரப்பரும் இருக்கையின் ஃபோமும் வெப்பத்துக்கு ஏற்ப இளகும், இறுகும். டம்மி 19 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் பல மணி நேரம் இருந்திருக்க வேண்டும். 14 ஜி சோதனையில் இடுப்புத் தண்டில், அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதியில், விழும் விசை 1,500 பவுண்டை, அதாவது சுமார் 680 கிலோ எடையின் அளவைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் பெரும்பாலும் மெத்தைதான். காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் இருக்கும் கூடத்தில் அந்த எண்ணை நம்ப முடியாது. கூடவே, அதிவேகக் கேமராவுக்காக நீங்கள் போட்டிருக்கும் பழைய வகைச் சூடான விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுங்கள். கவுண்டவுன் தள்ளிப்போய் விளக்கு அரைமணி நேரம் எரிந்தால், டம்மியின் மார்பைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

14 ஜி-க்கு இருக்கையை மேலிருந்து விழவிடும் ஒரு உயரக் கோபுரம் கட்டலாமா என்று குறிப்பில் கேட்டிருந்தீர்கள். 6 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வேகம் வந்துவிடும், கணக்கு சரி. ஆனால் விழும்போது டம்மிக்கு எடை இருக்காது, அமுங்கியிருந்த மெத்தை மேலே எழும்பி டம்மியைத் தூக்கிவிடும், தரையைத் தொடும்போது அது உட்கார்ந்திருக்காது, மிதந்துகொண்டிருக்கும். கிடைமட்ட ஸ்லெட்டிலேயே இருக்கையை 60 டிகிரி மல்லாத்தி மாட்டும் சட்டமும் தொல்லை பிடித்ததுதான், அதிலும் டம்மியின் எடை முழுதாக மெத்தையில் இறங்காது, ஆனால் அந்தத் தொல்லைக்கு நமக்குப் பழக்கம் இருக்கிறது. கோபுரத்துக்கு வைத்திருக்கும் இடத்தை நகல் தளத்துக்குக் கொடுங்கள்.

மேல்தளத்தின் அகலம் போதாது. இன்று வருகிற உயர்வகுப்பு இருக்கைகள் நேராகவே இருப்பதில்லை, ஜன்னலைப் பார்த்தோ நடைபாதையைப் பார்த்தோ சாய்ந்து நிற்கின்றன. சுவர், கதவு, திரை, மேசை எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அறையே வந்து இறங்குகிறது. பக்கவாட்டில் பார்க்கும் இருக்கைக்குக் கழுத்தையும் விலாவையும் அளக்க வேறு வகை டம்மியே தேவைப்படுகிறது. மூன்று பேர் வரிசைக்கு அளந்து போட்ட தளம் ஐந்து வருடத்தில் பற்றாமல் போகும்.

கேமராக்களில் ஒன்றாவது கால்களைப் பார்க்கட்டும். 1989 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-ல் இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முழங்காலுக்குக் கீழேயும் பாதத்திலும் மோசமான முறிவுகள். மோதலுக்கு முன் எப்படிக் குனிந்து உட்கார வேண்டும் என்பதை அதன் பிறகு மறுபடி ஆராய வேண்டியிருந்தது. விதி கேட்பது தலைக்கு ஒரு எண், தொடை எலும்புக்கு ஒரு எண், இடுப்புத் தண்டுக்கு ஒரு எண். பாதத்துக்கு எண் கிடையாது. ஆனால் எழுந்து ஓட வேண்டியவன் பாதத்தால்தான் ஓட வேண்டும், அதனால் விதி கேட்காவிட்டாலும் நீங்கள் படம் எடுத்து வையுங்கள்.

எந்திரத்தை இயக்கும் சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது ஸ்லெட் அருகில் கடைசியாக நின்றவர் கழுத்தில் தொங்க வேண்டும், அது பூட்டில் நுழையாமல் எந்திரத்துக்கு அழுத்தம் ஏறக் கூடாது. இதில் விவாதமே இல்லை.

உடைந்த இருக்கைகளை வைக்க அறை இல்லை. அறிக்கை ஏற்கப்படும் வரை அவற்றை யாரும் தொடக் கூடாது, அதுவரை எங்கே வைப்பீர்கள், படிக்கட்டுக்குக் கீழேயா? அங்கேதான் எங்களை வைத்துவிட்டீர்களே. அப்புறம் திரைச்சீலை. போட்டி நிறுவனங்கள் இரண்டு ஒரே வாரத்தில் வரும், ஒருவர் இருக்கையை இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். கூரையிலிருந்து இழுத்து மூடுகிற திரை ஒன்று போட்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஏதாவது காலி கிடங்கில் உங்கள் தரைப்படத்தை முழு அளவில் டேப் ஒட்டி வரையுங்கள். மூன்று இருக்கை, மூன்று டம்மி, டம்மி இல்லையென்றால் 77 கிலோ மணல் மூட்டை மூன்று. ஆறு பேரை விட்டு, இருக்கை இறக்குவது முதல் ஜாக் திருப்புவது வரை டேப்பைத் தாண்டாமல் செய்யச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், விரல் கட்டையை எடுத்துக்கொண்டு.